சேணம் தைத்தவரின் ஓட்டு

அயர்லாந்து தேசத்தில் ஒரு சின்ன ஊர். நான் அங்கே போனதில்லை, இனிமேல் போகப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஊர்க் கடைத்தெருவில் ரொட்டி சுடுபவருக்கு அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள், பாலத்துப் பக்கத்துச் சந்தில் எத்தனை பேர் செருப்புத் தைத்தார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்கள். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஓட்டுரிமை உள்ளவர்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கணினியில் ஏற்றியவர்கள் நானும் என் பக்கத்துச் சீட்டில் இருந்தவளும்தான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் டைப்பிங் சென்டர் இருக்கிறது. பழைய கையெழுத்துக் காகிதங்களை வெளிநாட்டில் படம் பிடித்து அனுப்புவார்கள். நாங்கள் அதைத் திரையின் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மறுபக்கம் கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும். காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடிக்க வேண்டும் என்பதுதான் ஒரே விதி. புரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நான் கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் வரலாறு பி.ஏ. படித்தவள். சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, நாற்று நடவும் களத்து மேடுமாகப் பத்து வருஷம் போன பிறகு கிடைத்த வேலை இது. எனக்குப் புரிந்துகொள்ளாமல் அடிக்க வரவில்லை.

அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ்காரர்களின் கையில் இருந்தது. லண்டன் பாராளுமன்றத்தில் இந்தச் சின்ன ஊருக்கென்று தனியாக ஓர் உறுப்பினர். ஓட்டுப் போடுகிறவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள், அவ்வளவு சிறிய தொகுதி. ஊரில் பாதி ஒரு பிரபுவின் குடும்பத்துக்குச் சொந்தம். அவர் கைகாட்டும் ஆள்தான் நிற்பார், அவர்தான் ஜெயிப்பார். பல தேர்தல்களில் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை. அந்தக் காலத்தில் ரகசிய ஓட்டும் கிடையாது. அதிகாரிக்கு முன்னால் போய் நின்று, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாயால் சொல்ல வேண்டும். பக்கத்தில் பிரபுவின் கணக்குப்பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருப்பார். யார் யாருக்குப் போட்டார் என்று எழுதி வைத்த அந்தப் புத்தகங்களும், வருஷா வருஷம் எழுதிய வாக்காளர் பட்டியல்களும்தான் எங்களிடம் வந்தன. பிறகு ரகசிய ஓட்டு வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் தொகுதியையே எடுத்துவிட்டு, ஊரைப் பெரிய மாவட்டத் தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். கடைசிப் பட்டியலை அடித்து முடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்துச் சீட்டுக்காரி என்னைவிட எட்டு வயது சின்னவள். எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி, ஏரிக்கரை ஓரத்துக் கிராமம். கம்ப்யூட்டர் படித்தவள். நான் ஒரு பக்கம் அடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றரைப் பக்கம் அடிப்பாள். காலை டவுன் பஸ்ஸில் நான் முதலில் ஏறுவேன், ஜன்னலோரம் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். அவள் ஏறியதும் பையை மடியில் எடுத்துக்கொள்வேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் போல எனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அப்போது அது உண்மைதான்.

ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

"குதிரைக்குச் சேணம் தைக்கிற ஆளு ஒருத்தரு. போன வருஷ லிஸ்டுல அவரு பேருக்கு நேரா செத்துட்டாருன்னு எயுதிக்கீது. இந்த வருஷம் பிரபுவோட ஆளுக்கு எதிரா ஓட்டுப் போட்டுக்கீறாரு."

"செத்தவரு எப்டிக்கா போடுவாரு?"

"அதான் கேக்கறேன். அந்த எலெக்ஷன்ல பிரபுவோட ஆளு தோத்தது ஒரே ஓட்டுல."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். தயிர்சாதம் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

"அப்ப கள்ள ஓட்டு. நம்ம ஊரு பரவால்ல போலகீதேக்கா," என்றாள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேலாளர் எங்கள் எல்லாரையும் நிற்கச் சொல்லி ஒரு மெயிலைப் படித்தார். இந்தக் காகிதங்களை அனுப்பிய அயர்லாந்துப் பேராசிரியர் எழுதியிருந்தார். அந்தத் தொகுதியின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கும் அம்மாள் அவர். இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாத ஒரு செத்தவரின் ஓட்டை, உங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி கண்டுபிடித்து எனக்கு எழுதியிருக்கிறாள், அவளுக்கு என் நன்றி என்று இருந்தது. மேலாளர் அவள் பெயரை இரண்டு தடவை படித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, சந்தேகம் கேக்கற மாதிரிதான் எயுதினேன். இவ்ளோ பெருசாவும்னு தெரியாது. உன் பேரையும் போட்டிருக்கணும்."

"அதனால இன்னா. யாரு எயுதினா இன்னா," என்றேன்.

அவள் நம்பினாள். அல்லது நம்புவதுதான் அவளுக்கு வசதியாக இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து என்னைப் பிடித்த வியாதியை எப்படிச் சொல்வது. மேலாளர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் சீட்டுக்குப் போகிறார் என்று பார்ப்பேன். அவள் புதுச் சுடிதார் போட்டு வந்தால் எந்தக் கடையில் வாங்கினாள் என்று கேட்க மாட்டேன், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அதன் கைத் தையலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை டீம் லீடர் ஆக்கினார்கள். பேராசிரியர் அவளோடு வீடியோ காலில் பேசினார். உங்கள் ஊர் உத்திரமேரூராமே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்தியதைக் கல்லில் வெட்டி வைத்த ஊரா என்று அவர் கேட்டாராம். இவள் மறுநாளே கோயில் மண்டபத்துக்குப் போய், அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டிய கல். அதைப் பற்றி ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

என் கணவர் டீக்கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

"இன்னாமே, உன்கூட வர்ற பொண்ணு ஏதோ வெளிநாட்டுக்காரங்களுக்கே கண்டுபிடிச்சிக் குடுத்துச்சாமே?"

"ஆமா."

"நீயும் அந்தச் சீட்டுதானே. நீயும் எதுனா எயுத வேண்டியதுதானே."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நெல் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எனக்கு உறைத்தது. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று அவரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைப்பாரே என்று பயம். நினைத்தால் அது சரியாகவும் இருக்கும்.

மறுநாளே வாலாஜாபாத்துக்குப் போன இடத்தில் ஒரு குயர் நோட்டு வாங்கினேன். அவள் கண்டுபிடித்ததைவிடப் பெரியதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே இறங்கிய பிறகு, முடித்து அனுப்பிய பழைய பட்டியல்களைத் திறந்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். சேணம் தைத்தவரின் பெயர் வரும் இடத்தையெல்லாம் நோட்டில் எழுதினேன்.

அப்படிப் பார்க்கும்போதுதான் அவர் பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கண்ணில் பட்டன. ஜூன். முதல் தடவை அடித்தபோது அது ஜூன் மாதம் என்று நினைத்திருந்தேன். பட்டியல் எழுதிய மாதமாக இருக்கும் என்று அப்படியே அடித்துவிட்டேன். இப்போது இன்னொரு வருஷத்துப் பட்டியலில், வேறு எழுத்தர் ஒருவர் அதையே சுருக்காமல் முழுதாக எழுதியிருந்தார். ஜூனியர். அது மாதம் இல்லை. மகன்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அப்பாவும் சேணம் தைத்தவர், மகனும் சேணம் தைத்தவர். செத்துப்போனது அப்பா. பிரபுவின் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் நின்று, பிரபுவின் ஆளுக்கு எதிராக வாய் திறந்து ஓட்டைச் சொன்னது மகன். அடுத்த பட்டியலில் மகன் கடைத்தெருவில் இல்லை, அந்தக் கடை வேறொருவர் பெயரில் இருக்கிறது. பல வருஷம் அவர் பெயரே எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஓட்டுரிமையைக் கொஞ்சம் அகலப்படுத்திய பிறகு வந்த பட்டியலில், ஊர்க்கோடியில் ஒரு சந்தில் மறுபடி வருகிறார். தொழில் என்ற இடத்தில் சேணம் தைப்பவர் என்று இல்லை, கூலியாள் என்று இருந்தது.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கள்ள ஓட்டு இல்லை. ஊருக்கு முன்னால் சொன்ன ஒரு நேர்மையான ஓட்டு, அதற்காகக் கடையை இழந்திருக்கிறார் ஒரு மனுஷர். அவரைத்தான் நாங்கள் இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கள்ள ஓட்டு ஆக்கியிருக்கிறோம்.

நல்லவளாக இருந்தால் அப்போதே எழுந்து போய் அவளிடம் சொல்லியிருப்பேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாட்டிக்கிட்டா, என்றுதான் தோன்றியது. பேராசிரியருக்கு நானே எழுதலாம் என்று நாலைந்து நாள் மெயில் அடித்துப் பார்த்தேன். என் இங்கிலீஷ் எனக்கே பிடிக்கவில்லை. அழித்து அழித்துக் கடைசியில் விட்டுவிட்டேன். நோட்டைப் பையில் அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. அந்த ஊரிலேயே ஒரு கூட்டம், பழைய தொகுதியின் சரித்திரத்தைப் பற்றி. அவள் வந்து இருபது நிமிஷம் பேச வேண்டும், பயண ஏற்பாடெல்லாம் அவர்களே செய்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு அவள் அலைந்தாள், காஞ்சிபுரத்தில் ஸ்வெட்டர் வாங்கினாள், எல்லாவற்றையும் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். நான் முந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று காரணம் சொன்னேன். மாமியார் நன்றாகத்தான் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் நாலு பக்கம் பிரிண்ட்.

"அக்கா, பேசப் போறதை எயுதிக்கினு வந்துக்கீறேன். நீ ஒரு வாட்டி பாரு. தப்பு கீதுன்னா சொல்லு. நீதானே ஹிஸ்டரி."

மாமியார் அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். சேணம் தைத்தவர் செத்த பிறகு ஓட்டுப் போட்டார், அந்த ஒரு ஓட்டில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஜெயித்தார், அந்த வெற்றியே பொய் என்று அழகாக எழுதியிருந்தாள். என் பை பக்கத்து ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நோட்டு அதற்குள் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும்.

இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். ஓர் இடத்தில் கமா போட்டேன்.

"நல்லா கீது," என்றேன்.

"நெசமாவா?"

"ரொம்ப நல்லா கீது. தைரியமா போயிட்டு வா."

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். உள்ளே வந்து மோர் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அவள் அங்கே போனதும் போனில் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தாள். விமானத்தின் ஜன்னல், மழை, பச்சைப் புல், ஆற்றின் மேல் ஒரு கல்பாலம். ஒவ்வொன்றையும் நான் உடனே பார்த்தேன். யார் யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியுமே என்று பிறகுதான் உறைத்தது. நான் இதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பாள். அதற்குப் பிறகு என் கணவரின் போனை வாங்கிப் பார்த்தேன். அவள் நம்பரை அவர் போனில் ஏற்றியதும், அவர் நம்பரை அவளுக்கு அனுப்பிப் பதிந்து வைக்கச் சொன்னதும் நான்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று காரணம் சொன்னேன்.

ஒரு படத்தில் அவள் ஒரு தெருவில் நின்றாள். மூலையில் சுவரில் தெருவின் பெயர்ப் பலகை. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். கடைத்தெரு. அவள் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் நாலாவது வாசல்தான் சேணம் தைத்தவரின் கடை, பட்டியலின் வரிசைப்படி பார்த்தால். படத்துக்குக் கீழே அவள் 'அழகான தெரு' என்று மட்டும் எழுதியிருந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு அது. எந்தத் தெருவில் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாத ஒருத்தி அங்கே நிற்கிறாள், ஒவ்வொரு வாசலும் தெரிந்த நான் இங்கே களத்தில் காயும் நெல்லுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் எனக்கு அவள் மேல் இருந்ததற்குப் பொறாமை என்ற பெயர் போதாது. கோழிகள் நெல்லைக் கொத்தியதைக்கூட நான் பார்க்கவில்லை. மாமியார் வந்து சத்தம் போட்டுத்தான் எழுந்தேன்.

திரும்பி வந்ததும் சாக்லேட் டப்பாவோடு சென்டருக்கு வந்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இவள் பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தாராம். நீங்கள் செத்தவர் என்று சொல்லும் ஆள் எங்கள் வம்சத்துக்காரர், செத்தது அவருடைய அப்பா, ஓட்டுப் போட்டவர் மகன் என்றாராம். கூட்டம் முடிந்ததும் அவரே இவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், டீ கொடுத்து, குடும்பத்தில் காப்பாற்றி வைத்திருந்த சேண ஊசியைக் கையில் கொடுத்தாராம். போட்டோவைக் காட்டினாள். மர நாற்காலியில் அவள், பக்கத்தில் பெரியவர், அவள் உள்ளங்கையில் அந்த ஊசி.

நான் அவளைக் கவிழ்க்கத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த ஊசி அவள் கைக்குப் போயிற்று. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் சரியாகப் பேசிவிட்டு வந்திருப்பாள், பெரியவர் எழுந்தே இருக்க மாட்டார். அந்த நாள் முழுக்க ஒரு பக்கம்கூட ஒழுங்காக அடிக்கவில்லை. சாக்லேட்டைப் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் போயிற்று. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அயர்லாந்து ஃபைல் மீதி கீதும்மா. இனிமே நீ பாத்துக்க. அந்தப் பொண்ணு வேற செக்ஷன் கேட்டுக்கினு போயிடுச்சி. உன் பேரை அதுதான் சொல்லிச்சி."

எனக்குப் புரியவில்லை. இவ்வளவு பேர் வாங்கிய வேலையை யாராவது விடுவார்களா? அன்று சாயங்காலம் அவள் ஊர் ஸ்டாப்பிலேயே நானும் இறங்கினேன். ஏரிக்கரை மேல் இரண்டு பேரும் நடந்தோம். ஏரியில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது.

"ஏண்டி அதை உட்டுட்ட?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த லிஸ்டைத் தொறக்கவே முடியலக்கா."

"ஊசியெல்லாம் குடுத்தாங்கன்னு சொன்ன."

"அது சென்டர்ல எல்லாருக்கும் சொன்னது," என்றாள். "நடந்தது இன்னான்னா, அந்தப் பெரியவரு எந்திரிச்சி என்னை நேரா பாத்தாரு. அந்த ஓட்டுக்காக எங்காளுங்க கடையை உட்டுட்டு, பசியும் பட்டினியுமா கெடந்தாங்க, நீ எங்கிருந்தோ வந்து எங்களைத் திருடன்னு சொல்றியான்னு கேட்டாரு. அந்தப் பேராசிரியர் அம்மா முகத்தை நான் பாக்கவே இல்ல. பாத்ரூம்ல போயி கதவைச் சாத்திக்கினு அயுதேன். அப்புறந்தான் அவரு பாவம்னு வந்து கூட்டிக்கினு போனாரு. அந்த ஊசியைப் புடிச்சிக்கினு நான் எப்டி உக்காந்திருந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பெரிதாக்கி எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். ஒரு தடவைகூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஊசியைத்தான் பார்த்தேன்.

பையிலிருந்து நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே புரட்டினாள். ஜூன் என்று எழுதி, அடித்து, ஜூனியர் என்று நான் எழுதியிருந்த பக்கத்தில் அவள் கை நின்றது. அதன் மேல் நான் தேதி போட்டிருந்தேன்.

"இது நான் போறதுக்கு முன்னாடி எயுதினது."

"ஆமா."

"நான் உன் வூட்டுக்கு வந்தப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன்கா சொல்லல?"

அதற்கு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"வயித்தெரிச்சல்தான்," என்றேன்.

அவள் நோட்டை மூடினாள்.

"மொதல்ல நீ கண்டுபிடிச்சதை நான் என் பேருல எயுதினேன். அதுக்கு இது சரியாப் போச்சின்னு நெனச்சிக்கினியா?"

"நெனச்சேன்."

"எனக்கு நீ பண்ணதை உடு. அந்த ஆளுக்கு நீ பண்ணது சரியா? கடையை உட்ட ஆளு. உனக்குத் தெரிஞ்சிம் அவரைக் கள்ள ஓட்டுன்னு நான் போயி சொல்றதுக்குக் கமா போட்டுக் குடுத்த."

அவள் நோட்டை என் கையில் திணித்துவிட்டுக் கரையை விட்டு இறங்கி ஊருக்குள் போனாள். எனக்கு அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான். நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

பதினைந்து நாளுக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. மதியம் வேறு பெண்களோடு சாப்பிட்டாள். நான் அயர்லாந்து ஃபைலை அடித்துக்கொண்டிருந்தேன், ஆனால் எதையும் புரிந்துகொள்ளாமல். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த நோட்டை எடு."

"எதுக்கு?"

"அந்தப் பெரியவரு கதையை வாயால சொன்னாரு. ஆதாரம் எதுவும் இல்லன்னு அந்தம்மா புஸ்தகத்துல போட யோசிக்கறாங்களாம். உன்கிட்ட வருஷ வாரியா கீது. எயுதி அனுப்பலாம்."

"நீயே அனுப்பு."

"நான் ஒருவாட்டி அனுப்பினது போதும். ரெண்டு பேரும் அனுப்பலாம். உன் பேரு மொதல்ல."

மூன்று மதியம் ஆயிற்று. நான் தமிழில் சொன்னேன், அவள் இங்கிலீஷில் அடித்தாள். எந்தப் பட்டியலில் அப்பா, எந்தப் பட்டியலில் மகன், எந்த வருஷம் கடை போயிற்று, எந்தச் சந்தில் கூலியாளாக வந்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சில இடத்தில் அவள் என்னை மறித்து, இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். காட்டினேன். ஒரு தடவை, பட்டியலில் ஒரு தெருவைக் காட்டி நீ அன்னைக்கு நின்னது இங்கதான், உனக்குப் பின்னால நாலாவது வாசல் என்றேன். அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. இது மிகவும் முக்கியமான திருத்தம், புத்தகத்தில் சேணம் தைத்தவரின் பக்கத்தை மாற்றி எழுதுகிறேன், பெரியவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன், உங்கள் இருவர் பெயரையும் குறிப்பிடுவேன் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அவள் சத்தமாகப் படித்தாள். சேணம் தைத்தவர் நல்லபடியாகப் புத்தகத்துக்குள் போய்ச் சேர்கிறார் என்று எனக்கு மனம் நிறைந்துதான் இருந்தது.

பிறகு மெயிலின் மேல்பக்கத்தை நானே எட்டிப் பார்த்தேன். அவளைப் பெயர் சொல்லி, கூடப் பழகிய ஒருத்தியைக் கூப்பிடுவது போல அன்பாகக் கூப்பிட்டிருந்தார். என்னைத் திருமதி என்று போட்டு, என் கணவரின் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார். அடிவயிற்றில் அந்தப் பழைய நெருப்பு மறுபடி பிடித்தது.

"இன்னாக்கா?" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"ஒண்ணுமில்ல," என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, நன்றி சொல்லிப் பதில் எழுதி, கடைசி வரியில் என் பெயரை மட்டும் தனியாக அடித்து, இவரை இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எழுதி அனுப்பினாள்.